இரண்டாம் ரத்தம்

அக்டோபர் 18

செய்தித்தாளில் மறுபடியும் ‘மாவட்டத்தில் உண்ணிக் காய்ச்சல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். உள்ளே படித்தால் அது புதர்ப் பூச்சியால் வரும் டைபஸ். புதர்ப் பூச்சி வேறு, உண்ணி வேறு. அது கண்ணுக்கே தெரியாது. இது நாயின் காதில் ஆமணக்கங்கொட்டை மாதிரி தொங்கும். மெஸ்ஸில் இதைச் சொன்னதற்கு என் கூடப் படிக்கும் தீபன், “நஸ்ரின், நீ டாக்டரா, தமிழ் டீச்சரா?” என்றான். பெயர் தப்பினால் மருந்தும் தப்பும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இட்லி கல்லாக இருந்ததும் ஒரு காரணம்.

குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்பு, கடைசி வருடம். ‘உண்ணிவழிப் புள்ளிக் காய்ச்சல்களை வகைப்படுத்துதல்’ என்பது என் தீசிஸ். டைபஸ் குடும்பத்துக் காய்ச்சல்களில் மூன்று கூட்டம் உண்டு. பேனாலும் தெள்ளுப்பூச்சியாலும் வருவது ஒன்று, புதர்ப் பூச்சியால் வருவது ஒன்று, உண்ணியால் வருவது ஒன்று. மூன்றாவது கூட்டம் என்னுடையது. காய்ச்சல் வந்து சில நாளில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளி கிளம்பும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால். கடித்த இடத்தில் சில பேருக்குக் கருகிய வடு இருக்கும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான், டாக்சிசைக்ளின், சுருக்கமாக டாக்சி. அப்புறம் எதற்கு வகைப்படுத்த வேண்டும் என்று உம்மா போனில் கேட்டாள். டிகிரி வாங்குவதற்கு என்றேன். பொய் இல்லை.

அக்டோபர் 19

வெள்ளை கோட் இரண்டையும் துவைத்தேன். ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, அதனால் ஒன்றைத்தான் அலச முடிந்தது.

அக்டோபர் 21

துறைத்தலைவர் சம்பந்தமூர்த்தி சாரோடு தீசிஸ் பேச்சு. முப்பது குழந்தைகள் வேண்டும், ஒன்று குறைகிறது. பிப்ரவரிக்குள் எழுதி முடித்து பைண்டிங் செய்ய வேண்டும். குழந்தை வந்ததும் ஒரு ரத்தம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு ரத்தம். இரண்டாவதில் எதிர்ப்புப் பொருள் நாலு மடங்கு ஏறியிருந்தால்தான் ‘உறுதி’. ஏறாவிட்டால் கணக்கில் இல்லை. “முதல் ரத்தம் சந்தேகம்மா, ரெண்டாவது ரத்தம்தான் சாட்சி” என்பார். வகுப்பில் எங்களை எழுதிக்கொள்ளச் சொல்வார்.

அவருக்கு இன்னொரு வேத வாக்கும் உண்டு. எட்டு வயதுக்குக் கீழே டாக்சி கிடையாது, பல் கறையாகும். கடித்த தடயத்தைக் காட்டினால் மட்டும் எழுதுவார். புத்தகங்கள் இதை மாற்றி எழுதி வெகு காலமாகிறது. இந்தக் காய்ச்சலுக்கு எந்த வயதிலும் அதுதான் மருந்து, சில நாள் கொடுப்பதால் எந்தப் பல்லும் கெடாது. எனக்குத் தெரியும், தீபனுக்குத் தெரியும், வார்டு சிஸ்டர் ஜெபக்கனிக்கும் தெரியும். ஆனால் தீசிஸில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

அக்டோபர் 25

தீபாவளிக்காகப் பாதி வார்டு காலி. பாதி டாக்டர்களும் காலி.

மத்தியானம் ஒரு பெண் குழந்தை வந்தாள். யோகஸ்ரீ, ஆறு வயது. மலையடிவாரத்துக் கிராமம். நாலு நாளாகக் காய்ச்சல், கடுமையான தலைவலி, கண் சிவந்திருந்தது. அம்மா பெயர் ஒச்சம்மாள். அப்பா கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை. இடுப்பில் மூன்று வயதுப் பையன் கிஷோர், மூக்கு ஒழுக என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

முறைப்படி எல்லாம் கேட்டேன்.

“வீட்ல ஆடு மாடு இருக்கா?”

“ஆடு கெடக்கு தாயி. ஒரு நாயி கெடக்கு. இவ எந்நேரமும் குட்டியத் தூக்கி மடியில போட்டுக்கிட்டுத்தான் திரிவா.”

“குழந்தைய உண்ணி ஏதாவது கடிச்சுதா?”

அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “உண்ணியா? அது ஆட்டுக்கு இருக்கும், நாய்க்கு இருக்கும். எம்புள்ளைக்கு எதுக்கு உண்ணி? வாரத்துல ரெண்டு நா தலைக்கு ஊத்தி, ஈரு கூட இல்லாம வச்சிருக்கேன்.”

பிள்ளையைச் சுத்தமாக வைக்கவில்லை என்று நான் சொல்வதாக நினைத்துக்கொண்டாள். மன்னிக்கச் சொல்லிவிட்டு உடம்பைப் பார்த்தேன். புள்ளி இல்லை. வலது காதுக்குப் பின்னால், முடி முளைக்கும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. என்னவென்று கேட்டேன்.

“அது பாலுண்ணி டாக்டரம்மா. போன வாரம் தெரிஞ்சுச்சு. எங்க நாத்தனா தலமுடிய எடுத்து இறுக்கிக் கட்டிவிட்டா. ரெண்டாம் நாளே விழுந்துருச்சு. அவ கைராசிக்காரி.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் கடையநல்லூரிலும் பாலுண்ணி மருவுக்கு இதே வைத்தியம்தான். குதிரை முடி கிடைத்தால் விசேஷம். எனக்கே கழுத்தில் இருந்த ஒன்றுக்கு உம்மா கட்டியிருக்கிறாள், அது விழ ஒரு மாதம் ஆனது. வெளியூர்க்காரர் யாராவது என் இடத்தில் இருந்திருந்தால் அது என்ன ஏது என்று குடைந்திருப்பார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

டெங்கு பரிசோதனைக்கு அனுப்பியாயிற்று. வழக்கமான ஆன்டிபயாடிக் ஊசி தொடங்கியாயிற்று. சாப்பிடும்போது அந்த நாத்தனார் கதையைத் தீபனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

அக்டோபர் 26

டெங்கு இல்லை. மலேரியா இல்லை. காய்ச்சல் நூற்று மூன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

ரவுண்ட்ஸில் சார் கேட்டார். “உண்ணி கடி?”

“இல்லை சார். அம்மா தெளிவா மறுக்கறாங்க.”

“கருவடு?”

“இல்லை சார்.”

“அப்ப வைரல். பாப்போம்.”

நகர்ந்துவிட்டார். ஊருக்குப் போகும் அவசரம் அவருக்கு.

அக்டோபர் 27

புள்ளி வந்துவிட்டது. காலையில் மணிக்கட்டில் நாலைந்து, மத்தியானத்துக்குள் உள்ளங்கை முழுக்க. யோகஸ்ரீ இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“டாக்டரக்கா, எனக்கு யாரு மருதாணி வச்சா?”

“தீபாவளி வருதுல்ல, அதான் வந்திருக்கும்.”

“ஒழுங்கா வைக்கல. புள்ளி புள்ளியாக் கெடக்கு.”

“அடுத்த தடவ நான் ஒழுங்கா வச்சு விடறேன்.”

“எனக்கு நடுவுல பெரிய வட்டமா வைக்கணும். வெரலுக்குத் தொப்பி வைக்கணும்.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் களைத்துவிட்டாள். அவள் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிள்ளை பேசுகிறாளே என்று.

பாடப் புத்தகத்தில் இருக்கும் படம் மாதிரி இருந்தது. மறைக்காமல் எழுதிவிடுகிறேன்: எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முப்பதாவது. உடனே முதல் ரத்தம் எடுத்து, பிரித்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன். ஒச்சம்மாளிடம் இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும் என்று சொன்னேன். பஸ் செலவு நாங்களே தருவோம் என்றதும் தலையாட்டினாள்.

சாரிடம் டாக்சி கேட்டேன். வராந்தாவில் நடந்துகொண்டே பதில் சொன்னார். “ஆறு வயசுப் பொண்ணும்மா. நாளைக்குப் பல்லு கறை புடிச்சா அந்த அம்மா யாரத் திட்டும்? கடிச்ச தடயம் இருக்கா? இல்லல்ல. ஊசி போகட்டும். ரத்தம் வரட்டும்.”

ரத்தம் என்றால் இரண்டாம் ரத்தம். அது வர இரண்டு வாரம். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம் என்று தீபன் சொல்கிறான். அவன் சொல்லலாம், அவனுடைய தீசிஸ் போன மாதமே கையெழுத்தாகிவிட்டது.

அக்டோபர் 28

உள்ளங்கால் வரைக்கும் புள்ளி. சில இடங்களில் சேர்ந்து கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. காலும் முகமும் வீங்கியிருக்கிறது. கூப்பிட்டால் கண் திறக்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள்.

சார் ஊருக்குப் போய்விட்டார். இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் அனுமதி இல்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்று ஜெபக்கனி சிஸ்டரிடம் கேட்டேன். “ஒண்ணும் ஆகாது மேடம், எழுதுங்க. மாத்திர கீழ பார்மஸில மூட்டை மூட்டையா இருக்கு” என்றார். அவருக்கென்ன, சொல்லலாம். நாளைக்கு ஒன்று என்றால் என் பெயர்தான் கேஸ் ஷீட்டில் இருக்கும்.

உம்மா போன் செய்தாள். ஒரு மாப்பிள்ளை வீடாம், துபாயாம். பரீட்சை முடியட்டும் என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 29

காலையில் வலிப்பு. ரத்த அழுத்தம் கிடைக்கவில்லை. கால் விரல்கள் கறுத்துவிட்டன. தீவிர சிகிச்சைக்கு மாற்றினோம். சார் போனை எடுத்தார், பின்னால் வெடிச் சத்தம். “இப்ப குடுத்துடும்மா டாக்சி, நான் சொன்னேன்னு எழுது” என்றார்.

மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தோம். ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை. இந்த ஆஸ்பத்திரியில் முகப்பருவுக்குக் கூட அதைத்தான் எழுதுகிறார்கள்.

ஒச்சம்மாள் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கிஷோர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெடி வாங்கித் தரச் சொல்லி அழுதுகொண்டிருந்தான்.

அக்டோபர் 30

யோகஸ்ரீ இன்று காலை இறந்துவிட்டாள்.

அக்டோபர் 31

இறப்பு ஆய்வுக் கூட்டம். கேஸை நான்தான் வாசித்தேன். சார் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். யாரோ கேட்டார்கள், டாக்சி ஏன் தாமதம் என்று. அவரே எழுந்து பதில் சொன்னார். “உண்ணி கடிச்ச வரலாறு இல்ல, கருவடு இல்ல. குழந்தை வயசு ஆறு. கிடைச்ச தகவலுக்கு ஏத்த முடிவு.” என் பக்கம் திரும்பி, “அப்படித்தானேம்மா?” என்றார். ஆமாம் சார் என்றேன்.

அவர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை இங்கே எழுத ஆரம்பித்தால் நோட்டு போதாது. முப்பது வருடத்துக்கு முன்னால் படித்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் காப்பாற்றுகிறேன் என்று பிள்ளையைக் கொன்றுவிட்டு, கைகட்டி உட்கார்ந்திருக்கிறார். பல் விளக்க அந்தப் பிள்ளை இருக்கிறதா?

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது.

காரணம் என்று எழுதும் இடத்தில் ‘வகை அறியப்படாத காய்ச்சல்’ என்று போட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 3

கோட்டில் ஒரு பட்டன் தெறித்துவிட்டது. தைத்தேன். கறுப்பு நூல்தான் இருந்தது.

நவம்பர் 4

தீசிஸ் கணக்கில் முப்பதாவதை என்ன செய்வது என்று சாரைக் கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

“செத்தவங்ககிட்ட ரெண்டாவது ரத்தம் எப்படிம்மா எடுப்ப? அது உறுதி ஆகாது. எடுத்துடு. வேற கேஸ் வரும், சீசன் இன்னும் முடியல.”

அறைக்கு வந்து மற்ற இருபத்தொன்பதையும் ஒரு முறை பார்த்தேன். எல்லாரும் பிழைத்தவர்கள். போன வருடம் இதே புள்ளிகளோடு வந்து நாலாம் நாள் இறந்துவிட்ட ஒரு இரட்டைப் பிள்ளை அதில் இல்லை. ஜனவரியில் இறந்த பள்ளிக்கூடப் பையன் இல்லை. இரண்டு வாரம் உயிரோடு இருந்தால்தான் இந்த நோய் வந்தவர் என்று எங்கள் வகைப்பாடு ஒப்புக்கொள்ளும். இவ்வளவு நாள் இது எனக்கு உறைக்கவில்லை. உறைத்த பிறகும் ஒன்றும் செய்யவில்லை, யோகஸ்ரீயை எடுத்துவிட்டேன்.

நவம்பர் 9

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை வெளிநோயாளிப் பிரிவில் நல்ல கூட்டம். வரிசையில் நிற்காமல் ஒரு பெண் நேரே என் மேஜைக்கு வந்தாள். காவலாளி தடுக்கப் போனார். ஒச்சம்மாள். தலையில் எண்ணெய் இல்லை, நெற்றி வெறிச்சென்று இருந்தது. தோளில் கிஷோர் துவண்டு கிடந்தான். தொட்டால் சுடுகிறது.

அவளே பேசினாள்.

“நேத்துலருந்து காயுது டாக்டரம்மா. நீங்க இருப்பீகன்னுதான் வந்தேன்.” பையனின் கையைத் தூக்கிக் காட்டினாள். “இங்கனயும் ஒரு பாலுண்ணி வந்திருக்கு. அவளுக்குக் கட்டுன மாதிரி முடி கட்டிரலாம்னு எங்க நாத்தனா சொல்லுது. எனக்கு மனசு கேக்கல. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டலாம்னு தூக்கியாந்தேன்.”

அக்குளில், மடிப்புக்குள்ளே, சாம்பல் நிறத்தில் உப்பிக்கொண்டு ஒன்று இருந்தது. மேலாகப் பார்த்தால் பாலுண்ணிதான். என் உம்மா பார்த்தாலும் அப்படித்தான் சொல்லுவாள். டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். தோலோடு சேரும் இடத்தில் கால்கள் இருந்தன. ஒன்று அசைந்தது.

இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுத்து எடுத்தேன். கிஷோர் வீரிட்டான். சின்ன பாட்டிலில் போட்டு மேஜை மேல் வைத்தேன். ஒச்சம்மாள் குனிந்து பார்த்தாள்.

“இது உண்ணியில்ல?”

“ஆமா.”

“நாய் மேல கெடக்குமே, அதுவா?”

“அதுதாம்மா.”

அவள் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் சொன்னேனே டாக்டரம்மா” என்றாள். சண்டைக்கு வரும் குரல் இல்லை, ஏதோ ஒரு பொருளை எங்கே வைத்தோம் என்று தேடுகிற குரல். “மொத நாளே சொன்னேன்ல? காதுக்குப் பின்னாடி பாலுண்ணி இருந்துச்சுன்னு. நீங்ககூடச் சிரிச்சீக.”

“நான் உண்ணி இருந்துச்சான்னு கேட்டேன்மா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அது உண்மைதான். அவள் தலையாட்டினாள். தப்பு தன்னுடையதுதான் என்பது போல ஆட்டினாள், நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை.

ரத்தம் எடுக்கக் கூட நிற்கவில்லை. டாக்சி மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கி, வார்டில் சேர்ப்பதற்கு முன்பே என் கையால் கொடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மூன்று வயது. பல் கறையானால் ஆகட்டும். ரத்தம் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவளின் காதுக்குப் பின்னால் இருந்தது உண்மையிலேயே பாலுண்ணியாகவும் இருந்திருக்கலாம். இனிமேல் அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நவம்பர் 10

கிஷோருக்கு முதல் ரத்தம் எடுத்தேன். சாரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். “தடயம் இருந்துச்சில்ல, சரிதான். நல்ல வேளை சீக்கிரம் கண்டுபுடிச்ச” என்று மாணவர்கள் முன்னால் பாராட்டினார். கூசியது.

நவம்பர் 11

காய்ச்சல் இறங்கிவிட்டது. இவனுக்குப் புள்ளியே வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஜெபக்கனி சிஸ்டரிடம் பிஸ்கட் கேட்டு அதிகாரம் செய்கிறான். இரண்டே நாள்.

ஒச்சம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வராந்தாவில் துணி காயப் போட்டிருந்த இடத்தில் நின்றோம்.

“இவனுக்குக் குடுத்தது என்ன மருந்து தாயி?”

சொன்னேன்.

“ஊசியா?”

“மாத்திரைதான்.”

“அவளுக்கும் இதக் குடுத்தீகளா?”

“கடைசில குடுத்தோம்.”

“மொதல்லயே குடுத்திருந்தா?”

இந்தக் கேள்விக்குப் பதில் இரண்டு வார்த்தை. எனக்குத் தெரிந்த பதில்தான். சம்பந்தமூர்த்தி சாரை எவ்வளவு ஏசியிருக்கிறேன், இந்த நோட்டிலும் தீபனிடமும். அந்த ஏச்சில் ஒரு வரியை அவளிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும்.

“ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சலான்னே தெரியாதும்மா. அதுக்கு ரெண்டாவது ரத்தம் வேணும். அவளுக்கு எடுக்க முடியல. அதனால சொல்ல முடியாது.”

“ரத்தம் இருந்தாத் தெரியுமா?”

“தெரியும்.”

“இவன் ரத்தத்துலருந்து அவளுக்கு என்னன்னு தெரியுமா? ஒரே வயித்துல பொறந்ததுக.”

யோசித்தேன். இவனுக்கு உறுதியானால், அதே வீடு, அதே நாய், அதே வாரம் என்று அவளையும் எழுதச் சொல்லிச் சாரிடம் வாதாட இடமிருக்கிறது. தெரிய வாய்ப்பு இருக்கிறது என்றேன்.

“அப்பக் கட்டாயம் தூக்கியாரேன்” என்றாள். “எங்க வீட்டுல பூராவும் எங்க நாத்தனாளத்தான் பேசுறாக. முடியக் கட்டிப் பிள்ளையக் கொன்னுட்டான்னு. அவ சோறு திங்க மாட்டேங்கிறா. நீங்க ஒரு வார்த்த எழுதிக் குடுத்தீகன்னா கொண்டுபோய்க் காட்டுவேன். இன்ன காய்ச்சல்தான், இவளால இல்லன்னு.”

எழுதித் தருகிறேன் என்றேன். ரத்தம் வந்ததும்.

நவம்பர் 15

மழை. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துப் புத்தகமெல்லாம் நமுத்துவிட்டது. படிக்க ஓடவில்லை.

நவம்பர் 24

சொன்ன நாளில் வந்துவிட்டாள். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, கிஷோருக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி. தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த சட்டையாம். அவன் ஊசியைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தான். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அக்காவுக்காகடா, அக்காவுக்காகக் குடுடா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஸ் செலவை நீட்டினேன், வாங்கவில்லை.

நவம்பர் 28

ஏறவில்லை.

முதல் ரத்தத்தில் இருந்த அளவுதான் இரண்டாவதிலும். ஆய்வகத்தில் நின்று திரும்பவும் செய்யச் சொன்னேன். அதே விடை.

சாரிடம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, பாடம் எடுக்கும் தோரணையில் சொன்னார். “மருந்தை முதல் நாளே குடுத்துட்ட. கிருமி வளர்றதுக்கு முன்னாடியே அடங்கிடுச்சு. உடம்பு எதுக்கு எதிர்ப்புப் பொருள் செய்யணும்? சில பேருக்கு ஏறாது. நல்லதுதான் பண்ணின, ஆனா உன் தீசிஸுக்கு உதவாது.”

“அந்தப் பெரிய பொண்ணு சார்? ஒரே வீடு...”

“எதை வச்சும்மா சொல்வ? அக்காவுக்கு ரெண்டாவது ரத்தம் இல்ல. தம்பிக்கு ரெண்டாவது ரத்தத்துல ஒண்ணும் இல்ல.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தாமதமாக மருந்து கிடைத்தவள் இறந்துவிட்டதால் உறுதியாகவில்லை. சீக்கிரம் மருந்து கிடைத்தவன் பிழைத்துவிட்டதால் உறுதியாகவில்லை. எங்கள் வகைப்பாட்டின்படி அந்த வீட்டில் யாருக்கும் புள்ளிக் காய்ச்சல் வரவே இல்லை.

நவம்பர் 30

ஒச்சம்மாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டாள். முடிவு வரவில்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 6

மறுபடியும் கூப்பிட்டாள். ஜெபக்கனி சிஸ்டரை எடுக்கச் சொல்லி, நான் லீவு என்று சொல்லச் சொன்னேன். சிஸ்டர் சொல்லிவிட்டு, போனை என் மேஜையில் கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

ஒரு வெள்ளைத்தாள் போதும். ‘உண்ணி கடித்ததால் வந்த காய்ச்சல். முடி கட்டியதால் அல்ல. முதல் நாளே தாய் சொன்னார்.’ மூன்று வரி. இன்று அந்த மூன்று வரியையும் எழுதிப் பார்த்தேன். கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என் பெயர்தான் வருகிறது. கிழித்துவிட்டேன்.

டிசம்பர் 19

முப்பதாவது கிடைத்துவிட்டது. ஒன்பது வயதுப் பையன். வயது எட்டுக்கு மேல் என்பதால் டாக்சிக்குத் தடை இல்லை. பிழைத்துக்கொள்வான்.

டிசம்பர் 20

அவளிடமிருந்து இப்போதெல்லாம் போன் வருவதில்லை.

பிப்ரவரி 10

தீசிஸ் பைண்டிங் ஆகி வந்தது. கருநீல அட்டை, தங்க எழுத்து. முதல் பக்கத்தில் நன்றி. சம்பந்தமூர்த்தி சாருக்கு, துறைக்கு, உம்மா வாப்பாவுக்கு, ரத்தம் கொடுத்த குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும். ரத்தம் கொடுத்த குழந்தைகள் என்று எழுதியது சார் திருத்தியதற்கு அப்புறமும் தப்பித்துவிட்டது, கணக்கில் இல்லாத யோகஸ்ரீயும் கிஷோரும் அதில் அடக்கம்.

ஏப்ரல் 22

பரீட்சை முடிந்தது. வெளியூர் பரீட்சகர் பெரிய மனிதர், வெள்ளை மீசை. என் தீசிஸைப் புரட்டிக்கொண்டே வந்து, முடிவுகள் பக்கத்தில் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“முப்பது பேர். இறப்பு பூஜ்யமா?”

“ஆமா சார்.”

“ஒண்ணுகூட இல்லையா?”

எனக்கு நேர் எதிரே சம்பந்தமூர்த்தி சார் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை மாதமும் மனதுக்குள் சாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது. யாராவது ஒருவர் கேட்கட்டும், அப்புறம் பார் என்று. கேட்டுவிட்டார்.

“ஒண்ணுகூட இல்ல சார்” என்றேன்.

“பிரமாதம். உங்க வார்டுல குழந்தைங்கள அவ்வளவு நல்லாப் பாத்துக்கறீங்க. கங்கிராட்ஸ், டாக்டர்.”

நன்றி சொன்னேன். சாரும் எழுந்து வந்து கை கொடுத்தார். அந்தக் கையைக் குலுக்கினேன்.